காட்டுச் சேவலின் கழுத்தில் ஒரு தூண்டில்

மீனை ஏமாற்ற முள்ளில் இறகு கட்டும் மேலைநாட்டுக் கலைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை ஒன்று பெரும் விலை கொடுத்தது. இன்று அதே வேலையை நாட்டுச் சேவலின் இறகே செய்துவிடுகிறது.

கொச்சிக் காயலில் மீன் பிடிக்கப் பல வழிகள் உண்டு. ஃபோர்ட் கொச்சிக் கரையில் வரிசையாக நிற்கும் சீன வலையை இறக்கி ஏற்ற நான்கைந்து பேர் வேண்டும். மட்டாஞ்சேரிப் படகுத்துறைப் பக்கம் வீச்சு வலை போடுபவருக்கு ஒரு ஆள் பலம் போதும். இன்னொரு வழிக்கு வலையே தேவையில்லை, இரையும் தேவையில்லை. ஒரு முள், கொஞ்சம் நூல், ஒரு சேவலின் இறகு இருந்தால் சரி. மேலைநாட்டார் இதை ‘ஃப்ளை’ என்கிறார்கள். தமிழில் சொன்னால் ஈ.

பெயர்தான் ஈ. இன்றைக்கு அமெரிக்காவில் அதிகம் விலைபோகும் ‘ஈ’க்களில் பல ஈயைப் போலவே இருப்பதில்லை. கறுப்பு, ஊதா, ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு என்று வண்ண வண்ணமாகக் கட்டப்படும் ஒரு வகை, அட்டையைப் போல நெளிகிறது. மழைக்காலத்தில் மூணாறு பக்கம் நடந்தவர்களுக்கு அட்டை எப்படி நெளியும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நீரில் வாழும் அட்டை உடம்பை மேலும் கீழுமாக அலைபோல மடக்கி நீந்தும். அந்த அசைவைக் காட்டுவதுதான் இந்தக் கைவேலையின் ரகசியம்.

கட்டும் முறை எளிது. முள்ளின் கழுத்தில் ஒரு பித்தளை மணியைக் கோத்து, முள்ளைச் சிறிய வைஸ் ஒன்றில் இறுக்கிப் பிடிக்க வைப்பார்கள். முதலில் முள்தண்டு முழுக்க நூல் சுற்றுவார்கள். இல்லாவிட்டால் பிறகு கட்டுவதெல்லாம் வழுக்கும். பின்முனையில் ‘மராபு’ எனப்படும் மென்தூவியை வால் போலக் கட்ட வேண்டும். ஒருகாலத்தில் மராபு நாரையிடமிருந்து வந்த இந்தத் தூவி, இப்போது இறைச்சிக்காக வளர்க்கப்படும் வான்கோழியிலிருந்து வருகிறது. அடுத்து ஒரு நீளமான சேவல் இறகின் நுனியையும், பஞ்சு முறுக்கிய தடித்த நூலையும் அதே இடத்தில் கட்டுவார்கள். பஞ்சு நூல் முன்னோக்கிச் சுற்றப்பட்டு உடம்பாகிறது. அதன் மேல் இறகு ஐந்தாறு சுற்று சுருளாக வந்து சிலிர்த்து நிற்கிறது. தலையில் முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ். பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

தண்ணீருக்கு வெளியே பார்த்தால் நனைந்த பூனைக்குட்டியின் வால் போலிருக்கும். தண்ணீருக்குள் போனதும் கதையே வேறு. நரம்பை இழுத்தால் தூவி ஒட்டிக்கொள்கிறது, விட்டால் விரிகிறது. மணியின் கனத்தால் தலை முதலில் இறங்குகிறது, இழுத்தால் ஏறுகிறது. அட்டை நீந்துகிறது!

இந்த வகையின் தாய் வடிவத்தை 1967-இல் உருவாக்கியவர் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் போற்றப்படுகிறார். ‘வூலி பக்கர்’ என்று பெயர். அவர் குறிவைத்தது பாஸ் என்ற மீனை. பிறகு வடமேற்குக் கரை ஆறுகளில் ‘ஸ்டீல்ஹெட்’ பிடிப்பவர்களும் இதன் வழிவந்த நீண்ட அட்டைகளை முயல் தோல் கீற்றிலும் தீக்கோழி இறகிலும் கட்டத் தொடங்கினார்கள். கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் அவ்வளவாக இரை தின்பதில்லை. அதன் கண்ணில் பட்டு, அதற்குக் கோபத்தையோ ஆர்வத்தையோ கிளப்பினால்தான் கடிக்கும். பளிச்சென்ற வண்ணங்கள் அதற்காகத்தான். அதே சமயம் தண்ணீர் சிவப்பு நிறத்தைச் சீக்கிரம் விழுங்கிவிடும் என்பதால், கலங்கிய ஆற்றில் கறுப்பும் ஊதாவும் நிழலுருவாகத் தெரிந்து கைகொடுக்கின்றன.

கொச்சியின் டாக்டர்

பாஸ், ஸ்டீல்ஹெட் இரண்டும் நமக்கு அந்நியமான பெயர்கள். மீன்கள் அவ்வளவு அந்நியமல்ல. மலையாளிகள் காளாஞ்சி என்றும் தமிழர்கள் கொடுவா என்றும் அழைக்கும் மீனுக்கு ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்றே பெயர் (அமெரிக்க பாஸுக்கு நெருங்கிய உறவு இல்லை). காயலின் கட்டைக் கால்களுக்கும் பாறைகளுக்கும் அருகே பதுங்கியிருந்து, இறாலையும் சிறு மீனையும் வாயால் ‘டப்’பென்று உறிஞ்சும் வேட்டைக்காரன். இறகு கட்டிய முள்ளையும் அப்படியே உறிஞ்சும். அதன் செவுள் மூடியின் கூர் நரம்பை அறுத்துவிடும் என்பது வேறு விஷயம். ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் விசித்திரப் பிறவி இது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைக் குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்துக் காட்டியது.

ஸ்டீல்ஹெட்டின் உறவு இன்னும் நெருக்கம். அது கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் ட்ரவுட், அவ்வளவுதான். நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் குளிர்ந்த ஓடைகளில் இருப்பது அதே இனம். கீழே இறங்கினால் சமவெளியின் வெந்நீர் என்பதால் இங்கே அது கடலைக் கண்டதே இல்லை.

நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவரும் யோசனையில் கொச்சிக்கும் பங்குண்டு. மதராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்து கொச்சியில் அரசு மருத்துவராக இருந்தவர் ஃபிரான்சிஸ் டே (1829-1889). நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன்களைப் பார்த்தார். கொச்சியின் வரலாற்றை 1863-இல் புத்தகமாக எழுதினார். 1865-இல் மலபார் மீன்களைப் பற்றிய நூல் வந்தது. இந்திய மீன்கள் குறித்த அவருடைய பெரும் நூலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இங்கிலாந்தின் ட்ரவுட்டை நீலகிரி ஓடைகளில் விட டே 1860-களில் எடுத்த முயற்சிகள் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் கைவைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் அவலாஞ்சியில் வேர்பிடித்தது. கேரளப் பக்கத்தில் தேயிலைத் தோட்டக்காரர்கள் மூணாறு மலைகளில் அதை வளர்த்தார்கள்.

மீன் வந்தது, கூடவே தூண்டிலும் ‘ஈ’யும் வந்தன. போகும் வழியில் வேறொன்று போயிற்று.

மஞ்சள் கண்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விடியற்காலையில் கேட்கும் உடைந்த கூவல், சாம்பல் காட்டுக்கோழியுடையது. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னரா இதை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். விஞ்ஞானப் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார்.

சேவலின் கழுத்து இறகுதான் அதற்கு வினை. ஒவ்வொரு இறகின் நுனியிலும் மெழுகை உருக்கி ஊற்றியது போலக் கெட்டியான, பளபளக்கும் ஒரு மஞ்சள் பொட்டு. இதை முள்ளின் இரு பக்கமும் வைத்துக் கட்டினால் மீன்குஞ்சின் கண் போலத் தெரியும். விக்டோரியா காலத்து சால்மன் ‘ஈ’க்களில் இது கிட்டத்தட்டக் கட்டாயமானது. ‘ஜாக் ஸ்காட்’ என்ற புகழ்பெற்ற வடிவத்தில் உண்டு. ஜார்ஜ் கெல்சன் 1895-இல் வெளியிட்ட சால்மன் ஈ பற்றிய நூலில் பக்கத்துக்குப் பக்கம் இந்த இறகு வருகிறது. ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்களும் அந்த மரபைத் தொடர்ந்தார்கள்.

விளைவு, தென்னிந்தியக் காடுகளில் கண்ணி. சேவலைப் பிடித்து, தலை முதல் தோள் வரை தோலோடு உரித்துக் காயவைத்தால் ஒரு ‘கேப்’. கடல் கடந்த ஊரில் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக இங்கே ஒரு சேவல் குறைந்தது. அறுபதுகளின் இறுதியில் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே குற்றமாக்கியது. அதன் இறகை வைத்திருப்பதும் விற்பதும்கூட இங்கே சட்டப்படி சிக்கல்தான்.

தடை வந்ததும் வெளிநாட்டு ரசிகர்கள் அழுதார்கள்; பிறகு வழி கண்டார்கள். பிரிட்டனில் சிலர் காட்டுக்கோழியைப் பண்ணையில் வளர்த்து, அதன் இறகை விற்கத் தொடங்கினார்கள். கண்ணைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்தும், சாதாரண இறகில் வரைந்தும் விற்றார்கள். மீன்கள் புகார் சொன்னதாகத் தெரியவில்லை!

மனிதர்களின் வெறி மட்டும் முழுக்க அடங்கவில்லை. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. அவற்றில் சில, பரிணாமக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவை. திருடியவர் லண்டனில் படித்த அமெரிக்கப் புல்லாங்குழல் மாணவர். நோக்கம்: சால்மன் ‘ஈ’ கட்டுபவர்களுக்கு இறகு விற்பது. 2011-இல் நீதிமன்றம் அவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை வழங்கியது. பல தோல்கள் பெயர்ச்சீட்டு கிழிக்கப்பட்டு விஞ்ஞானத்துக்குப் பயனற்றுப் போயின. அந்த ‘ஈ’க்களில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்க்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் போகின்றன என்பதுதான் கொடுமை.

நாட்டுச் சேவல் போதும்

அட்டை ‘ஈ’ இந்த விஷயத்தில் ஜனநாயகவாதி. அதற்கு அரிய பறவை எதுவும் வேண்டாம். வான்கோழித் தூவி, முயல் தோல், சேவல் இறகு எல்லாமே இறைச்சிக்கடையின் மிச்சம். அதைத்தான் சாயத்தில் முக்கி ஊதாவாகவும் ஆரஞ்சாகவும் மாற்றுகிறார்கள். கென்யா, இலங்கை, தாய்லாந்து, நம் கொல்கத்தா ஆகிய இடங்களில் ‘ஈ’ கட்டுவது ஒரு தொழில். கட்டுபவர்களில் பலர் தாங்கள் கட்டும் முள்ளை மீன் கடிப்பதை ஒருநாளும் பார்க்காதவர்கள்.

எந்தச் சேவலும் உதவுமா? பிராய்லர் உதவாது. சுமார் ஆறு வாரத்தில் அறுக்கப்படும் கோழிக்கு நீண்ட கழுத்து இறகு வளர நேரமே இல்லை. நன்கு முற்றிய நாட்டுச் சேவல் வேண்டும். தண்ணீருக்கு மேல் மிதக்கும் உண்மையான ‘ஈ’க்கு விறைப்பான இறகு தேவை, அமெரிக்காவில் அதற்கென்றே சேவல் வளர்க்கிறார்கள். மூழ்கும் அட்டைக்கோ மென்மையான இறகுதான் நல்லது. மட்டாஞ்சேரியிலோ மதுரையிலோ கோழிக்கடைக்காரர் குப்பையில் கொட்டும் இறகு, அமெரிக்க வண்ணப் பொட்டலத்தில் வரும் இறகின் வேலையைச் செய்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கழுவி, உலர்த்தி, பூச்சி அண்டாமல் வைக்காவிட்டால் ஒரே மாதத்தில் அந்துப்பூச்சி வேலையை முடித்துவிடும்.

இன்னொரு சுவையான தகவல். வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்றுதான் டார்வின் காலத்திலிருந்து சொல்லிவந்தார்கள். 2008-இல் வெளியான மரபணு ஆய்வு, பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று காட்டியது. கடையில் தொங்கும் மஞ்சள் கோழிக்குள் நம் மலைக்காட்டுச் சேவல் கொஞ்சம் இருக்கிறது.

ஆக, ‘ஈ’ கட்ட விரும்புபவர் காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கொடுவாவுக்கு மஞ்சள் கண்ணும் வரைந்த கண்ணும் ஒன்றுதான். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரிவது, இனப்பெருக்க காலம் முடிந்ததும் அந்த இறகுகளை உதிர்த்து மறுபடி வளர்த்துக்கொள்ளும் சேவலுக்கு மட்டும்தான்.