ஐந்து மில்லிமீட்டர் சுவர்

கொதிகலன் குழாயில் ஓட்டை, 210 மெகாவாட் உற்பத்தி நிறுத்தம். நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் முடிந்துவிடும் செய்தி. தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை என ஊர்ப்பெயர் மட்டும் மாறி மாறி வரும். அந்த 210 மெகாவாட் அலகு ஒரே ஒரு நாள் நின்றால் இழப்பு சுமார் 50 லட்சம் யூனிட்.

குற்றவாளி பெரும்பாலும் ஊசித்துளை அளவு ஓட்டைதான். கொதிகலனுக்குள் நெருப்பு 1,000 டிகிரியைத் தாண்டி எரியும். குழாயின் உள்ளே காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்கு அழுத்தத்தில் நீரும் நீராவியும். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் எஃகுச் சுவர். அது எங்காவது பொத்துக்கொண்டால், பீறிட்டு வரும் நீராவி பக்கத்துக் குழாயையும் அறுக்கும். அது அடுத்ததை அறுக்கும். மாலை நேரத் தேவை முடியட்டும், ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஒரு குழாயை மாற்றும் வேலை பத்துக் குழாய் வேலையாகிவிடும்.

நாட்டின் அனல்மின் நிலையங்களில் உள்ள இத்தகைய குழாய்களில் ஏராளமானவை திருச்சியில் உருவானவை. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு திருவெறும்பூரில் அமைந்த பெல் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. தையலில்லா எஃகுக் குழாய் ஆலையும் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் பின்னர் அதனுடன் சேர்ந்தன. பற்றவைப்புக்கென்று தனி ஆராய்ச்சி நிலையமா என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். ஒரு 500 மெகாவாட் கொதிகலனின் குழாய்களை நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். வழிநெடுக ஆயிரக்கணக்கான இணைப்புகள். அவற்றில் ஒன்று சோடை போனாலும் மேலே சொன்ன நாலு வரிச் செய்திதான்.

தேய்மானத்துக்குப் பெரிய காரணம் நம் நிலக்கரி. அதில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். அந்தச் சாம்பலில் குவார்ட்ஸ் துகள். புகையோடு பறக்கும் துகள் குழாயை உப்புத்தாள் போல் தேய்க்கும். புகையின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதனால்தான் குழாய் வளைவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் ஆபத்து அதிகம். புகை அங்கே நெருக்கிக்கொண்டு பாயும். குழாய்மேல் படியும் கரியை ஊதித்தள்ள வைத்திருக்கும் நீராவி ஊதிகூட, கோணம் பிசகினால் அதே குழாயை அறுத்துவிடும்!

உள்பக்கத்துப் பகை தண்ணீர். கடல்நீரால் குளிரூட்டும் தூத்துக்குடி போன்ற இடங்களில் நீராவியைத் திரும்ப நீராக்கும் கண்டென்சரின் குழாய் கசிந்தால் உப்பு கொதிகலன்வரை போய்ச் சேரும். அரிப்பு ஒருபுறம்; படிவம் மறுபுறம். படிவம் வெப்பத்தை நீருக்குக் கடத்தாது, உலோகமே சூடேறும். அதிவெப்பப் பகுதியிலுள்ள எஃகு 10, 15 டிகிரி கூடுதலாகக் காய்ந்தாலே அதன் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. நீர் ஆய்வுக்கூடம் இரவு பகலாக இயங்குவது இதனால்தான்.

ஸ்ரீரங்கத்தில் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது நம்பெருமாளின் தங்க அங்கிகளைக் களைந்து தூய்மை செய்து, பழுது நீக்குவார்கள். கொதிகலனின் வருடாந்திர ஷட்டவுனும் அப்படி நாள் குறித்து நடப்பதே. உலை ஆறியதும் உள்ளே சாரம் கட்டி ஏறுவார்கள். ஊழியர்கள் டி-மீட்டர் என்று சொல்லும் மீயொலிக் கருவியால் குழாய்ச் சுவரின் கனத்தை அளப்பார்கள். எல்லாக் குழாயையும் அளக்க நேரம் கிடையாது. எங்கே தேயும் என்று தெரிந்து அங்கே கை வைப்பதில்தான் அனுபவம். போன ஆண்டின் அளவை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், எந்தக் குழாய் அடுத்த ஷட்டவுன்வரை தாங்காது என்று தெரிந்துவிடும். பதிவேட்டை ஒழுங்காக எழுதாத நிலையத்தில் எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தும் பயன் குறைவு.

கனம் குறையாமலும் எஃகு சாகும். வருடக்கணக்கில் 540 டிகிரியில் கிடந்தால் அதற்குள் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றும். குழாயை வெட்டாமலே அதைப் பார்க்க வழியுண்டு: மேற்பரப்பைப் பளபளவென்று தேய்த்து, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அச்செடுத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். உயர்வெப்பப் பகுதிகள் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினோரு ஆண்டுகளுக்கு மேல் உழைத்ததும் எஞ்சிய ஆயுளை மதிப்பிடவேண்டும் என்பது இந்தியக் கொதிகலன் விதி. 1863இல் கல்கத்தாவில் நடந்த கொதிகலன் வெடிப்புக்குப் பிறகு தொடங்கிய சட்டக் கட்டுப்பாடு, 1923இல் நாடு முழுமைக்குமான சட்டமானது; 2025இல் புதுச்சட்டம் வந்தது. அந்தப் பழைய கவலை 2020இல் நெய்வேலியில் மீண்டும் தலைதூக்கியது. இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7, ஜூலை 1 என்று இரு மாதத்துக்குள் இரண்டு விபத்துகள். தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. பகலில் சூரிய மின்சாரம் குவியும்போது அனல் அலகுகள் அடங்கிக் கொடுத்து, பொழுது சாய்ந்ததும் வேகமாக எழும்ப வேண்டியிருக்கிறது. உற்பத்தியை முழுத்திறனில் 40 சதவீதம்வரை இறக்கத் தயாராக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இந்த அலகுகளில் பல, ஒரே சுமையில் ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. தினமும் சூடாகிக் குளிர்ந்தால் கனமான உருளைகளும் மெல்லிய குழாய்களும் ஒரே வேகத்தில் விரிந்து சுருங்காது. இரண்டும் சேரும் பற்றவைப்பில் விரிசல் விழும். இனி டி-மீட்டரோடு உள்ளே போகிறவர்கள் தேய்ந்த வளைவுகளை மட்டுமல்ல, இந்த இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.