கூழுக்குக் கடிச்சுக்க சுட்ட கதிர்

வங்கியில் இருந்தவரை, போட்ட பணம் நாளாக நாளாக வளரும்னுதான் பார்த்துப் பழக்கம். பச்சை மக்காச்சோளக் கதிர் அதற்கு நேரெதிர். ஒடித்த நேரத்திலிருந்தே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிடும். வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாக. சந்தை சுற்றி மறுநாள் வரும் கதிர் சப்பென்று இருப்பது இதனால்தான். அந்த இனிப்பு முழுசாகக் கிடைப்பது விளைவிக்கிற நமக்கு மட்டும்தான்.

தைப்பட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் விதைத்தது சித்திரையில் பால் பிடிக்கும். கதிர் முடி பழுப்பாகிக் காய்ந்ததும் ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பாருங்க. தண்ணீராக வந்தால் இளசு, மாவாக இருந்தால் முற்றல், பாலாக வந்தால் பதம்.

தோகையைப் பிய்க்காமல் கீழே மடித்து, முடியை எடுத்துடுங்க. செக்குக் கடலெண்ணெயில் உப்பு, மிளகாய்த்தூள் குழைத்துத் தடவி, தோகையை மூடித் தண்ணீர் தெளிங்க. எரியும் தீ வேண்டாம். தணலில் 15 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்க. பிறகு தோகையை விலக்கி 2 நிமிடம் காட்டினால் மணி பொன்னிறமாகும். எலுமிச்சை மூடியால் ஒரு தேய். கம்மங்கூழுக்கு அருமையான ஜோடி!

முற்றவிட்டால் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகும். விலையும் நம்ம கையில் இல்லை. அதனால் புதுசா வருபவர்கள் 10 நாள் இடைவெளியில் நாலு நாலு வரிசை விதைத்துப் பாருங்க. வீட்டுக்குப் போக மிச்சத்தை ரோட்டோரத் தணலில் சுட்டு விற்கலாம். பச்சைத் தட்டை மாட்டுக்கு ஆச்சு.