ஒன்றாம் வகுப்புக்கு ரேங்க் எதற்கு?

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் புதிதாக வந்து உட்காரும் குழந்தையின் முன்னால் நான் முதலில் வைப்பது ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. புத்தகமெல்லாம் பிறகுதான். "இதுல ஏழு எடுத்துக் குடு கண்ணு" என்பேன். ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற குழந்தை, ஏழைத் தாண்டியும் எடுத்து வைத்துக்கொண்டே போகும். இருபதுக்கு மேல் சொல்லத் தெரியாத இன்னொன்று, சரியாக ஏழு கொட்டையை எண்ணி என் உள்ளங்கையில் வைக்கும். அதன் அப்பா கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர். அவரோடு போய்ப் பெட்டி எண்ணிப் பழகிய பிள்ளை அது. எண் எழுதச் சொல்லித் தேர்வு வைத்திருந்தால் முதல் குழந்தைக்குத்தான் மதிப்பெண் விழுந்திருக்கும்.

அதே ஏழு கொட்டையைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து, "இப்ப எத்தனை இருக்கு, முன்னவிட அதிகமா?" என்று கேட்டால், "அதிகம்" என்று சொல்கிற குழந்தைகள் உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நீளத்தையும் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் பலருக்கும் வருகிறது. நம் ஊரில் ஐந்து முடிந்ததும் ஒன்றாம் வகுப்பு. அந்த வயதில் "அதிகம்" என்று சொன்னதற்கு அருகில் தப்புக்குறி போடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். சில மாதம் கழித்து மறுபடி கேட்பேன்.

அரசுப் பள்ளிகளில் இப்போது நடப்பது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிற குழந்தைக்கு அரும்பு நிலைப் பயிற்சியே தரப்படும். வகுப்பறையில் கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம் என்று இடம் பிரித்திருப்போம். பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு குழந்தை பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால், அதன் சொல்வளமும் கோவையாகப் பேசும் திறனும் தெரிந்துவிடும். இப்படிக் கற்கும்போதே பார்த்துக் குறிப்பதை வளரறி மதிப்பீடு என்கிறோம். பருவ முடிவில் வைப்பது தொகுத்தறி மதிப்பீடு. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 மதிப்பெண் என்று பிரித்தார்கள்.

அதற்கும் முன்னால் செயல்வழிக் கற்றல் இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். அது எடுக்கும் அட்டையை வைத்தே அதன் நிலை எனக்குத் தெரிந்துவிடும். குறைகள் இருந்தாலும், அந்த ஏணிப்படியை நான் இன்றும் மதிக்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளிலும் நார் மில்களிலும் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் கேட்ட கேள்விக்கு அந்தக் குழந்தை வாய் திறக்காது. மதிப்பீட்டைச் செயலியில் பதிவு செய்யும்போது அது 'தெரியவில்லை' என்றே போய்ச் சேரும். புளியங்கொட்டையை முன்னால் வைத்து விரல் ஏழு காட்டினால், பட்டென்று எடுத்துக் கொடுக்கும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியும். தமிழ்தான் இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பதிவு செய்தால், ஆண்டு முழுக்க அதற்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்போம். கணக்கு மதிப்பீட்டைப் பொருளை வைத்து, சைகையில் கேட்கவும் ஆசிரியருக்கு இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பீடு எதற்காக என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 2021 முதல், பள்ளியில் சேர்ந்த முதல் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு குழந்தையையும் ஆசிரியர் தனியாக உட்காரவைத்து ஏறக்குறைய இருபது நிமிடம் கேட்டுப் பார்க்கிறார். கிடைக்கும் மதிப்பெண் பெற்றோருக்குத் தரப்படுவதில்லை. ஏழு ஆண்டு கழித்து, அந்தப் பள்ளி பிள்ளைகளை எவ்வளவு முன்னேற்றியது என்று கணக்கிடத்தான் அது. குழந்தைக்கு வைக்கும் சோதனை பள்ளியை எடைபோடுவதற்கு என்கிற அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே நிலைமை தலைகீழ். எல்.கே.ஜி. சேர்க்கைக்கே குழந்தையை உட்காரவைத்து ஏபிசிடி கேட்கும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 தடை செய்கிறது. தேர்வு வைத்துச் சேர்த்தால் முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். அதே சட்டத்தின் பிரிவு 29, குழந்தையைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. பயமும் பதற்றமும் இல்லாமல் குழந்தை கற்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்முச்சிகள், "ஏனுங் டீச்சர், பையன் எத்தனாவது ராங்குங்க?" என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் ரேங்க் கிடையாதுங்கம்மா என்று சொல்லிவிட்டு, அவன் இந்த வாரம் செய்ததைச் சொல்வேன். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளிக்கு வரும்போது ரேங்கைக் கேட்காதீர்கள். "என் பிள்ளைக்கு இப்போ என்னென்ன தெரியும், எதுல தடுமாறுது, வீட்டில் நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பிள்ளையை உன்னிப்பாகக் கவனித்துக் குறித்து வைத்திருக்கும் எந்த ஆசிரியரும் இந்த மூன்றுக்கும் உடனே பதில் சொல்வார்.