பாவு முதல் பட்டு வரை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. கமண்டல நாக நதிக் கரையிலுள்ள எங்கள் ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். பண்டிகை தோறும் பட்டுப் பாவாடை உடுத்தி மகிழும் நாங்கள், அது எப்படி உருவாகிறது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இக்குறையைப் போக்க, ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பு ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் எங்களை நெசவாளர் தெருவுக்கும் பட்டுக் கடை வீதிக்கும் அழைத்துச் சென்றார்கள். அங்கே கண்டதையும் கற்றதையும் இங்கே கூற விழைகிறோம்.

காலை ஆறு மணி. தெரு நெடுக மயில் கழுத்து நிறத்தில் ஒரு பாவு நீட்டப்பட்டிருந்தது. துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு. குறுக்கே ஓடுபவை ஊடை. பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிகிறார்கள். வெயில் ஏறினால் இழை உலர்ந்து அறுந்துவிடும். ஆகையால் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்தாரும் வந்து கை கொடுக்கிறார்கள்.

பாவின் ஒரு முனையில் நின்றவள் எங்கள் வகுப்புத் தோழி! மாதத்தில் சில நாள் அவள் பள்ளிக்குத் தாமதமாக வருவாள். "தூங்குமூஞ்சி" என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. காரணத்தை நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எங்களைக் கண்டதும் அவள் தலை குனிந்தாள். உண்மையில் தலை குனிய வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

அவளுடைய தந்தையார் எங்களை வீட்டினுள் அழைத்து, பொறுமையுடன் விளக்கினார். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. பட்டு நூலின் மேல் இயற்கையான ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்தால் அது நீங்கும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். ஆனால் பளபளப்பும் மென்மையும் அதன் பிறகே வரும். பின்னர் சாயம் ஏற்றுகிறார்கள்.

தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வதால் அது குழித்தறி. தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்குகின்றன. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளைகளே தீர்மானிக்கின்றன. பிரான்ஸ் நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய இம்முறை, இன்று எங்கள் ஊர்ச் சேலையில் அன்னமும் மயிலும் பூக்கச் செய்கிறது.

பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு பிணைக்க வேண்டும். தோழியின் விரல்கள் மின்னலாக ஓடின. நாங்கள் முயன்றோம், எங்களில் ஒருத்திக்கும் ஒரு இழைகூடச் சரியாக வரவில்லை!

"உங்கள் மகளும் தறியில் அமர்வாளா?" என்று அருட்சகோதரி கேட்டார்கள். "அவ படிக்கட்டும் சிஸ்டர். தறி எங்களோட போகட்டும்" என்றார் அவர். அதன் பிறகு சற்று நேரம் தறியின் ஓசை மட்டுமே கேட்டது.

அடுத்துக் கடை வீதிக்குச் சென்றோம். ஆரணிப் பட்டு பொதுவாகக் காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது, உடுத்த இலகுவானது. இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆனால் கைத்தறிச் சேலை போலவே தோன்றும் விசைத்தறிச் சேலைகளும் சந்தையில் கலந்துவிடுகின்றன. சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. அசல் பட்டை அறிய 2004-இல் சில்க் மார்க்கும், கைத்தறியை அறிய 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தன. பட்டிழையை எரித்தால் முடி கருகும் வாடை வீசும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் இழையோ உருகிக் கட்டியாகும்.

விலைச் சீட்டைப் பார்த்தபோது, அத்தொகை முழுவதும் நெசவாளருக்கே போகிறது என்று எண்ணினோம். நூலும் சரிகையும் பெற்று நெய்பவர்களுக்குக் கிடைப்பது கூலி மட்டுமே என்று பிறகு அறிந்தோம். அந்தத் தந்தையார் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போது எங்களுக்கு விளங்கியது.

பெற்றோரே, சேலை வாங்கும்போது முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். கைத்தறிக்குரிய விலையை மனமாரக் கொடுங்கள். தறியில் அமர்வதும் அமராததும் எங்கள் தோழியின் விருப்பமாக இருக்கட்டும். வறுமை அதைத் தீர்மானிக்க வேண்டாம்.

இரு வாரங்கள் கழித்து அவள் மீண்டும் தாமதமாக வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. முதல் பாடவேளையின் குறிப்புகளை நாங்கள் முன்பே அவளுக்காகப் படியெடுத்து வைத்திருந்தோம்.