பெரிய நாட்டின் அடக்கம்

ஒரு வட்டாரத்தின் பாதுகாப்பைப் படைபலத்தைக் கொண்டு மட்டும் அளந்தறிய இயலாது. இந்தோனேசியா இதற்குத் தக்க சான்று. மலேசியா உருவானதை எதிர்த்து 1963-இல் சுகர்ணோ அரசு தொடங்கிய மோதல், 1966-இல் முடிவுற்றது. அவ்வாண்டில் பணவீக்கமோ 600 சதவீதத்தையும் கடந்திருந்தது! கடனுதவி நாடிய சுகார்த்தோ ஆட்சிக்கு அண்டை நாடுகளின் நட்பு இன்றியமையாததாயிற்று. 1967 ஆகஸ்டு 8-இல் பாங்காக்கில் ஐந்து நாடுகள் ஆசியான் அமைப்பை நிறுவின. எனவே ஆய்வாளர் படைக்கணக்கோடு நிதிக்கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

வட்டாரத் தலைமை தனக்கே உரியது என்ற எண்ணமும், நாடு சிதறிவிடுமோ என்ற அச்சமும் இந்தோனேசியக் கொள்கையில் ஒருங்கே இயங்கியதை மைக்கேல் லைஃபர் 1983-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்த அடக்கத்துக்கும் எல்லை இருந்தது. 1975 டிசம்பரில் இந்தோனேசியப் படைகள் கிழக்குத் திமோரில் புகுந்தன. 2002-இல் விடுதலை பெற்ற அந்நாடு, 2025 அக்டோபரில் ஆசியானின் 11-ஆவது உறுப்பினராயிற்று.