படத்தில் பார்த்த வழக்கு



உண்மைக் குற்றத்தைப் படமாக எடுத்தால், குற்றவாளி யார் என்றே நாம் முதலில் தேடுகிறோம். 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ வேறொன்றைக் கேட்டது: சந்தேகம் ஏன் ஏழை வீட்டு வாசலுக்கே முதலில் வருகிறது?

1993இல் தமிழ்நாட்டின் கடலூர் வட்டாரத்தில், குறவர் இனத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் காவலர்கள் பிடித்துச் சென்றனர். பின்னர், அவர் தப்பியோடிவிட்டார் என்றனர். மனைவி நம்பவில்லை. வழக்கறிஞர் சந்துருவின் துணையுடன் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ‘கொண்டுபோன ஆளைக் கண்ணில் காட்டு’ என்பதே அம்மனுவின் பொருள். அவர் அடித்துக் கொல்லப்பட்டது வெளிப்பட்டது. காவலர்கள் தண்டனை பெற்றனர். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்து பல்லாண்டுகள் ஆகியும், பிறப்பைப் பார்த்துத் திருடன் என்னும் வழக்கம் ஒழியவில்லை.

நம் மலேசியாவிலும், 2009இல் காவலில் இறந்த குகனின் உடலில் இருந்த அடிகளை, குடும்பத்தார் கேட்டுப் பெற்ற இரண்டாவது பிரேதப் பரிசோதனை எடுத்துக்காட்டியது.

ஜார்ஜ்டவுனில் வாழ்ந்தாலும் தோட்டத்தில் வாழ்ந்தாலும் சட்டம் ஒன்றே. கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும். வழக்கறிஞரைக் காண விடவேண்டும். பொதுவாக 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு கூறுவது இது. படம் பார்த்துக் கண்ணீர் விட்டதோடு நில்லாமல், இம்மூன்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.