இரண்டாம் பேறு ஏன் முந்துகிறது?

ஹந்தானை, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து பேராதனை போதனா வைத்தியசாலைக்கு மலைப்பாதையில்தான் இறங்க வேண்டும். தலைப்பிள்ளைக்கு இரவெல்லாம் நோவு கண்டவள், அடுத்ததற்கும் அவ்வளவு நேரம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன்? முதல் பேற்றில் கருப்பை வாய் பெரும்பாலும் மெலிந்த பிறகே விரிகிறது. அடுத்த பேறுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஒருமுறை விரிந்த இடுப்புத்தளத் தசைகளும் எளிதில் வழிவிடும். கருப்பை வாய் 5 சென்டிமீற்றருக்குப் பின் முழுதாக விரிய எடுக்கும் நேரம், முதல் பேற்றில் 12 மணிநேரத்தையும் அடுத்தவற்றில் 10 மணிநேரத்தையும் வழக்கமாகத் தாண்டாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. பலருக்கு வெகு சீக்கிரமே முடிந்துவிடும். ஆனால் பிள்ளையின் முகம் தாயின் வயிற்றுப்பக்கம் திரும்பியிருந்தால் இரண்டாம் பேறும் இழுபடலாம். ஆகவே போன தடவைக் கணக்கை விடுங்கள். நோவு ஒழுங்காக வரத் தொடங்கியதுமே வாகனத்துக்குச் சொல்லுங்கள். பன்னீர்க்குடம் உடைந்தாலோ இரத்தம் கண்டாலோ நோவுக்காகக் காத்திராதீர்கள்.